தொடங்காத காப்பீட்டுக் கம்பெனியில் அப்பா போட்ட ஆறு லட்சம்

புதிதாக ஆரம்பிக்கப்போவதாகச் சொன்ன ஓர் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியில் பங்கு வாங்க எங்கப்பா 2023-ல் ஆறு லட்சம் ரூபாய் கொடுத்தார். அந்தக் கம்பெனி இன்றுவரை ஆரம்பிக்கவில்லை. மூன்றரை லட்சம் திரும்பி வந்திருக்கிறது. மீதிக்கு இன்னும் அலைகிறேன். எந்த அலுவலகம் நமக்கானது, எங்கே போனால் நாள்தான் வீணாகும் என்று சொல்ல எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. நான் பள்ளிக்கூட டீச்சர், சட்டமும் கணக்கும் என் தொழில் இல்லை. ஒவ்வொன்றையும் லீவு போட்டு, விசாரித்து, காசு கொடுத்துத் தெரிந்துகொண்டேன். இதே மாதிரி ஆட்கள் சேலத்தில் இன்னும் வீடு வீடாகப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதால் எழுதுகிறேன். விவகாரம் முடியாததால் கம்பெனியின் பெயரைச் சொல்லவில்லை.

அப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை இருந்தது. கண் பார்வை மங்கியதும் மூடிவிட்டார். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் அம்மா வழியில் வந்த சின்னக் காப்பித் தோட்டம் ஒன்று இருந்தது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அதையும் விற்றோம். அந்தப் பணம்தான் வங்கியில் கிடந்தது. நிலம் கைமாறினால் அது நாலு பேருக்குத் தெரியாமல் இருக்காது. இந்த மாதிரி ஆட்கள் தேடி வருவதும் அப்படிப்பட்ட வீட்டைத்தான்: நிலம் விற்றவர்கள், ரிட்டயர் ஆனவர்கள், பிள்ளை வெளிநாட்டில் இருப்பவர்கள். வந்தவரும் வழிப்போக்கர் இல்லை. எங்கள் வீட்டுக்கு இருபது வருஷமாகப் பாலிசி போட்டுக் கொடுத்த ஏஜெண்ட். அப்பா அவரை மாப்பிள்ளை என்பார், எனக்கு மாமா. அவர் போட்டுக் கொடுத்த பாலிசியில்தான் என் கல்யாணத்துக்குப் பணம் வந்தது. அந்த நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் சொந்தக்காரர்கள் எல்லாரும் அப்பாவைப் பேராசைக்காரர் என்று பேசினார்கள். அவர் பேராசைப்பட்டவர் இல்லை. தெரிந்த மனிதர், தெரிந்த தொழிலைப் பற்றிச் சொன்னதை நம்பினார்.

ஏற்காட்டில் ஒரு ஹோட்டலில் கூட்டம் போட்டார்கள். வேனில் கூட்டிப்போய், மத்தியானம் சாப்பாடு போட்டு, திரையில் படம் காட்டிப் பேசியிருக்கிறார்கள். அங்கே கொடுத்த தாள்களை அப்பா பத்திரமாக வைத்திருந்தார், அதனால் என்னென்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். அதில் இருந்த தகவல் எதுவும் பொய் இல்லை, அதுதான் என்னைக் கலங்கடித்தது. 1956-ல் எல்.ஐ.சி. ஐந்து கோடி மூலதனத்தில் தொடங்கியது என்று போட்டிருந்தார்கள். உண்மை. ஆனால் அது அரசாங்கம் போட்ட பணம், அதோடு அன்றைக்கு நடந்துகொண்டிருந்த 245 கம்பெனிகளின் தொழில் அப்படியே எல்.ஐ.சி. கைக்கு வந்தது. அந்த இரண்டாவது பாதியைச் சொல்லவில்லை. 2011-க்குப் பிறகு புதிய ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி எதற்கும் லைசென்ஸ் கொடுக்காமல் இருந்தவர்கள் 2023-ல் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று போட்டிருந்தார்கள். அதுவும் உண்மை. அந்த மார்ச்சில் கிரெடிட் ஆக்சஸ் லைஃபுக்கும் ஆக்கோ லைஃபுக்கும், ஜூனில் கோ டிஜிட் லைஃபுக்கும் கிடைத்தது. அடுத்தது நம்ம கம்பெனிதான் என்பது மட்டும் இவர்களாகச் சேர்த்துக்கொண்டது. தனியார் காப்பீட்டுக் கம்பெனிப் பங்குகள் மார்க்கெட்டில் என்ன விலை போகிறது என்று ஒரு படம். அந்த இடத்தில் யாராவது எழுந்து வருஷத்தைக் கேட்டிருக்க வேண்டும். ஐ.சி.ஐ.சி.ஐ. புருடென்ஷியல் லைஃப் தொழில் தொடங்கியது 2000-ல், பங்குச் சந்தைக்கு வந்தது 2016-ல். நம் நாட்டில் சந்தைக்கு வந்த முதல் காப்பீட்டுக் கம்பெனியே அதுதான். பெரிய வங்கி பின்னால் இருந்தும் பதினாறு வருஷம். எழுபதை நெருங்கும் ஒருவரிடம் "லைசென்ஸ் வந்ததும் பத்து ரூபா ஷேர் நூறு ரூபா" என்று சொன்னவர்கள் இந்தக் கணக்கைக் காட்டவில்லை.

அப்பா ஐந்து லட்சத்தை ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் கம்பெனிக் கணக்குக்கு அனுப்பினார். ஸ்டாம்ப், பிராசசிங் என்று சொல்லி ஒரு லட்சத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்டார்கள். அதற்கு ரசீது இல்லை. அந்த ஒரு லட்சம் போனது போனதுதான், இனி வராது. பங்குக்கான பணத்தைத் தனிப்பட்ட முறையில் ஆட்களிடம் திரட்டும் கம்பெனி ரொக்கமாக வாங்கவே கூடாது என்று கம்பெனிகள் சட்டத்தின் 42-ஆம் பிரிவு சொல்கிறது. வங்கி வழியாகத்தான் வாங்க வேண்டும், அதையும் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். யாராவது ரொக்கம் கேட்டால் அந்த நிமிஷமே எழுந்துவிடுங்கள், அது ஆயிரம் ரூபாயாக இருந்தாலும் சரி.

எனக்கு விஷயம் தெரிந்தது 2024-ல். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். செலவுக்கு என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அப்பா மெதுவாக, "அந்த ஷேர்ல கொஞ்சத்தை வித்துக்கலாம் கண்ணு" என்றார். எந்த ஷேர் என்று கேட்டேன். ஒரு ஃபைலை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். உள்ளே வழவழப்பான தாள்களும் ஒரு ரசீதும். ரசீதில் "பங்கு விண்ணப்பத் தொகை பெற்றுக்கொண்டோம்" என்று இருந்தது. பங்குகளை வைக்கும் டீமேட் கணக்கு இருக்கிறதா என்றால், "அதெல்லாம் லைசென்ஸ் வந்தப்பறம்னு மாப்பிள்ளை சொன்னாருங்கம்மா" என்கிறார். பயம் வரும்போது மட்டும்தான் அப்பா என்னிடம் 'ங்க' போட்டுப் பேசுவார்.

விண்ணப்பத் தொகை வேறு, பங்கு வேறு. விண்ணப்பத் தொகை என்றால் பங்கு கொடுங்கள் என்று கேட்டுக் கட்டிய பணம், அவ்வளவுதான். கம்பெனி ஒதுக்கீடு செய்த பிறகுதான் நீங்கள் பங்குதாரர். பணம் வாங்கிய 60 நாளுக்குள் ஒதுக்க வேண்டும், முடியாவிட்டால் அடுத்த 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அதற்கும் தவறினால் அந்த 60-ஆம் நாள் முடிந்ததிலிருந்து வருஷத்துக்கு 12 சதவீத வட்டி சேரும். ஒதுக்கி, அதற்கான படிவத்தைக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும்வரை அந்தப் பணத்தைச் செலவும் செய்யக்கூடாது. அப்பா கட்டி ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகியிருந்தது. இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாகத் தூக்கம் வந்தது, ஏனென்றால் கெஞ்சிக் கேட்க வேண்டிய பணம் இல்லை இது, கேட்டு வாங்க வேண்டிய பணம்.

இதைச் சொல்லிக் கொடுத்தவர் ஐந்து ரோடு பக்கம் இருக்கும் ஒரு கம்பெனி செக்ரட்டரி, அதாவது கம்பெனிச் சட்ட வேலைகளுக்கென்றே படித்தவர். மூவாயிரம் ரூபாய் வாங்கினார், நான் செலவழித்ததிலேயே உருப்படியான செலவு அது. வக்கீலிடம் போவதற்கு முன் இவர்களைப் பாருங்கள் என்று எல்லாருக்கும் சொல்கிறேன். அவர் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்து, கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் கம்பெனியின் பெயரைத் தட்டிக் காட்டினார். அது யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கக்கூடியது. பெயரில் 'இன்ஷூரன்ஸ்' என்ற சொல்லே இல்லை. அந்தச் சொல்லைக் கம்பெனியின் பெயரில் வைப்பதற்கே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்டிருக்க வேண்டுமாம். 'பிரைவேட் லிமிடெட்' என்று முடிந்தது. இந்தியக் காப்பீட்டுக் கம்பெனி பப்ளிக் லிமிடெட்டாகத்தான் இருக்க முடியும். அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் பதினைந்து லட்சம். "உங்கப்பா மாதிரி மூணு பேருக்குப் பங்கு கொடுத்தா இது தீர்ந்துடும் மேடம். மத்தவங்களுக்கு எதைக் கொடுப்பாங்க?" என்று கேட்டார். நூறு ரூபாய் கட்டினால் கம்பெனி தாக்கல் செய்த படிவங்களையே பார்க்கலாம். பார்த்தோம். ஒதுக்கீடு செய்ததாக ஒரு படிவமும் இல்லை.

ஒரு ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி உண்மையில் எப்படித் தொடங்குகிறது என்று அவர் விளக்கியதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இது தெரிந்தால் இப்படிப்பட்ட ஆளை ஐந்து நிமிஷத்தில் எடைபோட்டுவிடலாம். செலுத்தப்பட்ட மூலதனம், அதாவது பங்குதாரர்கள் உண்மையிலேயே கட்டிய பணம், குறைந்தது 100 கோடி வேண்டும். ஹைதராபாத்தில் இருக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்ற ஆணையம் ஆர்1, ஆர்2 என்று படிப்படியாக விண்ணப்பத்தைப் பார்த்து, கடைசியில் ஆர்3 என்ற பதிவுச் சான்றைக் கொடுக்கும். விண்ணப்பித்திருக்கிறோம் என்பதற்கு மதிப்பு கிடையாது, ஆர்3 இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பதிவான கம்பெனிகளின் பட்டியல் ஆணையத்தின் தளத்திலேயே இருக்கிறது. இப்போது 100 கோடியை எங்களைப் போன்ற குடும்பங்களிடம் திரட்டுவதாக வையுங்கள். பொது வெளியீடு (ஊருக்கெல்லாம் அறிவித்துப் பங்கு விற்பது) இல்லாமல் ஒரு நிதியாண்டில் அதிகபட்சம் 200 பேரிடம்தான் இப்படிப் பங்கு விற்கலாம். ஆளுக்கு ஐந்து லட்சம் என்றால் மொத்தமே பத்துக் கோடி. ஒரே வருஷத்தில் 100 கோடி வேண்டுமென்றால் இருநூறு பேரும் ஆளுக்கு ஐம்பது லட்சம் போட வேண்டும். இந்தப் பெருக்கலை அந்த ஹோட்டலில் யாராவது ஒரு பேப்பரில் போட்டுப் பார்த்திருந்தால் கூட்டம் கலைந்திருக்கும்.

சரி, எப்படியோ 100 கோடி சேர்ந்து சான்றும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் செலவே ஆரம்பம். புதுப் பாலிசிகளில் பெரும்பாலும் முதல் வருஷம் ஏஜெண்ட் கமிஷன், மருத்துவப் பரிசோதனை, கிளைச் செலவு, பின்னால் கொடுக்க வேண்டிய தொகைக்காக ஒதுக்கி வைப்பது என்று எல்லாம் சேர்ந்து வந்த பிரீமியத்தையே தாண்டிவிடும். தொழில் வேகமாக வளர்ந்தால் முதல் இன்னும் வேண்டும். அதற்கு மேல், கடனைத் தீர்க்கும் வலு, அதாவது கொடுக்க வேண்டியது போக மிஞ்சும் சொத்து, ஆணையம் கேட்கும் அளவில் 150 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று விதி. அதனால் பல வருஷம் நஷ்டக் கணக்குதான், பங்குதாரர் திரும்பத் திரும்பப் பணம் போட வேண்டியிருக்கும். பெரிய வங்கிகளும் வெளிநாட்டுக் கம்பெனிகளும் இந்தத் தொழிலில் இறங்குவது இதனால்தான். ஆரம்பத்தில் முதல் போட்டவர்கள் நினைத்த நேரத்தில் பங்கை விற்கவும் முடியாது, வருஷக்கணக்கில் பூட்டு உண்டு. அப்பாவுக்குச் சொல்லப்பட்டதோ 'எப்ப வேணும்னாலும் வித்துக்கலாம்'.

இன்னொன்று, இதை நான் அடித்துச் சொல்வேன். காப்பீடு என்றால் பாதுகாப்பு என்று நம் மனதில் பதிந்திருக்கிறது. அந்தப் பாதுகாப்பு பாலிசி எடுத்தவருக்கு. பங்கு வாங்கியவருக்கு இல்லை. 150 சதவீத விதி, ஆணையம், குறைதீர்ப்பாளர் எல்லாமே பாலிசிதாரரின் பணத்தைக் காப்பதற்காக இருப்பவை. நஷ்டம் வந்தால் முதலில் கரைவது பங்குதாரரின் பணம். எங்கப்பா இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணவைக்கப்பட்டார், இருபது வருஷம் பாலிசி விற்ற ஒருவர் வந்து பேசியதால் அது சுலபமாக நடந்தது.

மாமாவைப் போய்ப் பார்த்தேன். "அடுத்த மாசம் ஹைதராபாத்ல மீட்டிங் இருக்கும்மா, கொஞ்சம் பொறுத்துக்க" என்றார். அடுத்த மாசமும் அதேதான். மூன்றாவது மாசம் நான் 42-ஆம் பிரிவைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் மனிதர் உடைந்துபோனார். அத்தையின் நகையை அடகு வைத்து அவரே மூன்று லட்சம் போட்டிருக்கிறார். சேர்த்துவிட்ட ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன் கொடுத்திருக்கிறார்கள், அதையும் ஒப்புக்கொண்டார். தனிப்பட்ட முறையில் பங்கு விற்பதற்கு ஏஜெண்டை வைத்து ஆள் பிடிக்கவே கூடாது என்பது அவருக்கும் தெரியாது. அவர்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் அவர் கமிஷன் வாங்கியதை எழுத்தில் கொடுத்ததுதான் பின்னால் புகாருக்குப் பலமாக நின்றது. உங்களைச் சேர்த்துவிட்டவரைப் பகைத்துக்கொண்டு துரத்திவிடாதீர்கள், அவரிடம் இருக்கும் காகிதம் உங்களுக்கு வேண்டும்.

சென்னையில் இருந்த கம்பெனி அலுவலகத்தில் மரியாதையாகத்தான் பேசினார்கள். காபி கொடுத்தார்கள். பிறகு ஒரு தாளை நீட்டினார்கள். விண்ணப்பத் தொகையைக் கம்பெனிக்குக் கொடுத்த கடனாக வைத்துக்கொள்ளச் சம்மதம், 14 சதவீத வட்டி தருவோம் என்று இருந்தது. சட்டம் சொல்வதைவிட இரண்டு சதவீதம் அதிகம். அப்பா கையெழுத்துப் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். வீட்டுக்கு வந்து பெரிய சண்டை. "நீ வந்து கெடுத்துட்ட, அவங்க குடுக்கறேன்னுதானே சொல்றாங்க" என்று அப்பா கத்தினார். என் வாழ்க்கையில் அவர் என்னிடம் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். பெங்களூரில் இருக்கும் தம்பி, அப்பா மனம் நோகாமல் விட்டுவிடு என்று போனில் சொன்னான். அந்த இரவு நான் மொட்டைமாடியில் உட்கார்ந்து அழுதேன். ஆனாலும் கையெழுத்துப் போட விடவில்லை. போட்டிருந்தால் 60 நாள் கெடு, 12 சதவீதம், 42-ஆம் பிரிவு எல்லாம் அந்தத் தாளோடு போயிருக்கும், நாங்கள் சாதாரணமாகக் கடன் கொடுத்தவர்கள் ஆகியிருப்போம். தேதியைத் தள்ளிவைக்கும், பணத்தின் பெயரை மாற்றும் எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம்.

எங்கே போகக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆணையத்தின் பீமா பரோசா புகார்த் தளமும், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரும் பாலிசிதாரர்களுக்கானவை. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் ஸ்கோர்ஸ் தளம் பெரும்பாலும் பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் பற்றிய புகாருக்கானது. அங்கெல்லாம் எழுதி எழுதி ஒரு கோடை விடுமுறை முழுக்கப் போனது. எங்கள் விஷயத்தில் வேலை செய்தது இரண்டு. ஒன்று, 42-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, பணம் அனுப்பிய தேதி, வங்கி கொடுத்த யூ.டி.ஆர். எண் எல்லாம் எழுதி, கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கும் ஒவ்வொரு இயக்குநருக்கும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால். இரண்டு, அந்த அட்டைகளின் நகலை இணைத்துக் கம்பெனிப் பதிவாளரிடம் புகார். 42-ஆம் பிரிவை மீறினால் அபராதம் மட்டுமில்லை, வாங்கியதை வட்டியோடு திருப்பிக் கொடு என்றே உத்தரவு வரலாம் என்பது அந்த இயக்குநர்களுக்குத் தெரிந்திருந்தது. அதுவரை எடுக்காத போனை அவர்களே போட்டார்கள். நாமக்கல், ஈரோட்டிலும் பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. ஆள் எண்ணிக்கை 200-ஐத் தாண்டினால் அது பொது வெளியீடாகவே கருதப்படும், அப்போது செபிக்கும் அதிகாரம் உண்டு. செபியின் அந்த அதிகாரத்தை 2012-ல் சஹாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது. அதனால் உங்களைப் போல் கட்டியவர்களைத் தேடிக் கண்டுபிடித்துப் பெயர், தேதி, தொகை என்று ஒரு பட்டியல் எழுதி வையுங்கள். பலர் வீட்டுக்குத் தெரியாமல் கட்டியவர்கள், பெயர் கொடுக்கவே தயங்குகிறார்கள்.

முதலில் இரண்டு லட்சம் வந்தது, சில மாதம் கழித்து ஒன்றரை லட்சம். ஒவ்வொரு முறையும் 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாக்கியும் இல்லை' என்ற தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். நான் அதை அடித்துவிட்டு, 'பகுதித் தொகை, மீதி அசலும் வட்டியும் பாக்கி' என்று எழுதி, அவர்களிடமும் கையெழுத்து வாங்கினேன். வக்கீல் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் முதல்முறையாகச் சிரித்தார். அவருக்கு இதுவரை இருபத்தைந்தாயிரம் கொடுத்திருக்கிறேன். அம்மாவின் ஆபரேஷனை என் நகையை வைத்துத்தான் செய்தோம், அதுவும் ஒரு வருஷம் தள்ளி. அந்த ஒரு வருஷம் அம்மா மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியதற்கு எந்தச் சட்டத்தில் வட்டி கேட்பது என்று தெரியவில்லை. அப்பா செவ்வாய்ப்பேட்டை டீக்கடைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். போன மாசத்திலிருந்து மறுபடி போகிறார்.

வங்கி வழியாகக் கொடுத்ததில் ஒன்றரை லட்சமும் வட்டியும் பாக்கி. பணம் கேட்டுச் சிவில் வழக்குப் போட மூன்று வருஷம்தான் கெடு. கெடு முடிவதற்குள் எதிராளி பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தத் தேதியிலிருந்து மூன்று வருஷம் புதிதாகக் கணக்காகும் என்றார் வக்கீல். எங்களிடம் அந்தத் தாள் இருக்கிறது. இல்லாதவர்கள், பணம் கட்டிய தேதியோடு 75 நாளைக் கூட்டி, அங்கிருந்து மூன்று வருஷத்தைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, அதற்கு ஆறு மாதம் முன்பே வக்கீலைப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் வாக்கில் அந்த ஹோட்டல் கூட்டத்துக்குப் போய்க் கட்டியவர்களுக்கு 2026 அக்டோபர், நவம்பரோடு அது முடிகிறது.